சோடியத்தைக் குறைத்தால்

"மாமா, இங்க பாருங்க."

அஸ்தம்பட்டியில் அக்கா வீடு. கரண்ட் இல்லை. அக்கா மகள் லேப்டாப்போடு திண்ணையில் இருந்தாள். நரம்பியல் இளநிலை, இரண்டாம் வருஷம்.

திரையில் ஒரு கோடு. சும்மா கிடந்தது, சட்டென்று எகிறி, பழைய மட்டத்துக்கும் கீழே போய், மெல்ல நிமிர்ந்தது. நரம்பணு துடிப்பது அப்படித்தானாம். பைத்தான் என்ற கணினி மொழியில் அவளே எழுதியது.

நரம்பணுவுக்குள் சோடியம் பாய்வதால்தான் கோடு எகிறுகிறதாம். "சோடியத்தைக் குறைக்கறேன் பாருங்க." ஒரே ஒரு எண்ணை மாற்றினாள். கோடு எழவே இல்லை. பல் டாக்டர் போடும் மரத்துப்போகும் ஊசி செய்வதும் இதுதானாம்!

அவள் புரோகிராமில் இருப்பவை, கணவாய் மீனின் தடித்த நரம்பை வைத்து ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரு விஞ்ஞானிகள் 1952-இல் வெளியிட்ட சமன்பாடுகள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி அப்போது ஓடாததால், ஹக்ஸ்லி கையால் சுற்றும் மெஷினில் வாரக்கணக்கில் போட்ட கணக்கு. 1963-இல் நோபல்.

இவளுக்கு என்டர் தட்டினால் போதும். ஆனால் எந்த எண்ணை மாற்றிப் பார்ப்பது என்று தோன்ற வேண்டுமே, ஆராய்ச்சி அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அடுத்து பழ ஈயின் மூளை வரைபடமாம். 2024-இல் வந்தது, ஏறக்குறைய 1,40,000 நரம்பணுக்கள், இணையத்தில் இலவசம். ஆய்வகத்தில் இடம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

அக்காவுக்குத்தான் வருத்தம். "எந்நேரமும் கம்ப்யூட்டர்தான். புஸ்தகத்தைத் தொடறதே இல்லைடா."