கிண்ணத்தில் எந்தத் தண்ணீர்? காரைக்குடிப் பக்கத்து நாட்குறிப்பு

மார்ச் 9

செட்டிநாட்டு வீடு ஒன்றில் இன்றைக்குக் குறைந்தது மூன்று தண்ணீர் புழங்குகிறது. குழாயில் வரும் கூட்டுக் குடிநீர், கிணற்றுத் தண்ணீர் அல்லது போர் (ஆழ்துளைக் கிணற்று) தண்ணீர், குடிப்பதற்கென்று கேன் அல்லது உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. இயந்திரத் தண்ணீர். ஐப்பசி பிறந்தால் முற்றத்து அண்டாவில் நாலாவதாக மழைத்தண்ணீர். நாய்க்கும் பூனைக்கும் இதில் எதை ஊற்றுவது என்பதற்காகத்தான் இந்தக் குறிப்புகள்.

கேட்கிறவர்களில் பலர் "ஆர்.ஓ. கொடுக்கலாமா, கூடாதா" என்பதோடு நின்றுவிடுகிறார்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை மூன்று: உப்பு எவ்வளவு, கிருமி புக வழி உண்டா, எந்தப் பாத்திரத்தில் எத்தனை நேரமாகக் கிடக்கிறது. விடை ஊருக்கு ஊர் மாறும். ஒரே வீட்டிலேயே பங்குனிக்கு ஒன்று, கார்த்திகைக்கு ஒன்று.

மார்ச் 16

எவ்வளவு குடிக்கிறது என்று தெரியாமல் எதைக் கொடுத்தாலும் கணக்கு நிற்காது. நாய்க்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 60 மி.லி. 25 கிலோ ராஜபாளையம் நாய்க்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர். பூனைக்குக் கிலோவுக்கு 40 முதல் 50 மி.லி. என்று வைத்தால் 4 கிலோப் பூனைக்கு 200 மி.லி. வரை. இது சாப்பாட்டில் இருக்கும் ஈரத்தையும் சேர்த்த கணக்கு. கடையில் வாங்கும் உலர் தீனியில் ஈரம் 10 சதவீதத்துக்குள்தான். மீனும் சோறும் பிசைந்து வைத்தால் பாதிக்கு மேல் தண்ணீரே. அதனால் மீன்சோறு தின்னும் பூனை கிண்ணத்தை எட்டிப் பார்க்கவில்லை என்று பதற வேண்டியதில்லை. உலர் தீனி மட்டும் தின்னும் பூனை எட்டிப் பார்க்காவிட்டால் பதறலாம்.

அளப்பதற்கு ஒரே மாதிரி இரண்டு கிண்ணம் வேண்டும். இரண்டிலும் அளவு ஜாடியால் ஒரே அளவு ஊற்றி, ஒன்றை நாய்க்கு வைத்து, மற்றதை அதே நிழலில் அது எட்டாத உயரத்தில் வையுங்கள். மறுநாள் அதே நேரத்தில் இரண்டிலும் மிச்சத்தை அளந்தால், எட்டாத கிண்ணத்தில் குறைந்தது வெயில் குடித்தது. அதைக் கழித்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்துக் கோடையில் கழிக்காமல் போட்ட கணக்கு கணக்கே இல்லை.

வெயில் சாதாரணமாக இருக்கும் நாட்களில் நாய் கிலோவுக்கு 100 மி.லி.யைத் தாண்டினால், தண்ணீரை மாற்றிப் பயனில்லை. சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, பெட்டை நாயானால் கருப்பையில் சீழ் என்று பல காரணம் இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். குறைக்கிறேன் என்று கிண்ணத்தை எடுத்துவிடக் கூடாது.

மார்ச் 30

டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, வாங்கி வைப்பது நல்லது. ஆனால் அது காட்டுவது கரைந்திருக்கும் உப்பின் மொத்தத்தை மட்டும். கிருமியைக் காட்டாது, ஃபுளோரைடையும் நைட்ரேட்டையும் தனியாகப் பிரித்துச் சொல்லாது. 150 காட்டும் தண்ணீரிலும் சாக்கடை கலந்திருக்கலாம்.

மனிதர் குடிநீருக்கான இந்தியத் தர அளவை (ஐ.எஸ். 10500) வீட்டுப் பிராணிகளுக்கும் வைத்துக்கொள்ளலாம். லிட்டருக்கு டி.டி.எஸ். 500 மி.கி. வரை நல்லது, வேறு வழியில்லை என்றால் 2000 வரை. கடினத்தன்மை (கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிடுவது) 200, மிஞ்சினால் 600. ஃபுளோரைடு 1.0, மிஞ்சினால் 1.5. நைட்ரேட் 45, அதற்கு மேல் தளர்வே இல்லை. குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடங்களில் கட்டணம் கட்டினால் இதெல்லாம் பார்த்துத் தருவார்கள். கிணற்றுக்குப் பக்கத்தில் மாட்டுக் கொட்டகையோ கழிவுத் தொட்டியோ இருந்தால் நைட்ரேட்டைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். தாயில்லாக் குட்டிக்குப் பால்மாவு கரைக்கும் வீட்டில் இது இன்னும் முக்கியம்.

காய்ச்சினால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கை இங்கேதான் உதைக்கிறது. காய்ச்சினால் கிருமி சாகும், கடினத்தில் ஒரு பகுதி வெள்ளைப் படிவாக அடியில் தங்கும். ஃபுளோரைடும் நைட்ரேட்டும் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட லிட்டருக்கு அவற்றின் அளவு ஏறத்தான் செய்யும்.

ஏப்ரல் 6

"போர் தண்ணீர் குடித்தால் பூனைக்குக் கல்லடைப்பு வரும்." எல்லா ஊரிலும் சொல்வதுதான், கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடினத்தன்மை 300 மி.கி. உள்ள தண்ணீர், அத்தனையும் கால்சியத்தால் வந்ததாகவே வைத்துக்கொண்டாலும், லிட்டருக்குக் கால்சியம் 120 மி.கி. பூனை அதில் 150 மி.லி. குடித்தால் உள்ளே போவது 18 மி.கி. அதே பூனை ஒரு நாளைக்குத் தின்னும் 60 கிராம் உலர் தீனியில் கால்சியம் 1 சதவீதம் என்றால் 600 மி.கி. கிண்ணத்தைக் குற்றம் சொல்லும் முன் தட்டைப் பார்க்க வேண்டும்.

பூனைக்குச் சிறுநீர்க் கோளாறு வர ஒரு பெரிய காரணம் போதாத தண்ணீரும் உலர் தீனியும். வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுத் தீனியை நனைத்துக் கொடுப்பது, விலை கூடிய தண்ணீர் வாங்குவதைவிட அதிகம் உதவும். நனைத்த தீனியை வெயில் காலத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். கடுவன் பூனை மண்தட்டில் (மலம், சிறுநீர் கழிக்க வைத்த தட்டு) போய்ப்போய் உட்கார்ந்து முக்கியும் ஒரு சொட்டு வரவில்லை என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குத் தூக்க வேண்டும். ஓரிரண்டு நாளில் உயிர் போகும் அடைப்பு அது.

ஏப்ரல் 20

இப்போது ஆர்.ஓ. முழுச் சத்துள்ள தீனி தின்னும் நாய், பூனைக்கு ஆர்.ஓ. தண்ணீர் கெடுதல் இல்லை. தாது உப்பு வருவது சாப்பாட்டிலிருந்து, தண்ணீரில் வருவது கொசுறு. அதற்காகப் போர் தண்ணீர் டி.டி.எஸ். 400 காட்டும் வீட்டில் நாய்க்கென்று ஆர்.ஓ. மாட்டுவது வெட்டிச் செலவு. 1000-ஐத் தாண்டினாலோ, ஃபுளோரைடு 1.5-ஐத் தொட்டாலோ மாட்டுங்கள். காரைக்குடிக்குள் சம்பை ஊற்றுத் தண்ணீர் குழாயில் வருகிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.

கெடுதல் ஆர்.ஓ. கழித்துவிடும் தண்ணீரில் இருக்கிறது. வீணாகப் போகிறதே என்று வாளியில் பிடித்து நாய்க்கு ஊற்றுகிறார்கள். டி.டி.எஸ். 800, ஃபுளோரைடு 1.2 உள்ள தண்ணீர் 4 லிட்டர் உள்ளே போய், 1 லிட்டர் நல்ல தண்ணீரும் 3 லிட்டர் கழிவும் வருவதாக வையுங்கள். நல்ல தண்ணீரில் டி.டி.எஸ். 50, ஃபுளோரைடு 0.1 இருந்தால், கழிவில் டி.டி.எஸ். 1050-ம் ஃபுளோரைடு ஏறக்குறைய 1.6-ம் நிற்கும். அதில் வாசல் கழுவலாம், பாத்திரம் தேய்க்கலாம், கிண்ணத்தில் ஊற்றக் கூடாது. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரும் அப்படித்தான். உப்பு இல்லை என்பது உண்மை, ஆனால் செம்பு, அலுமினியச் சுருளின் தூசியையும் தட்டில் வளரும் வழவழப்பையும் கழுவிக்கொண்டு வருகிறது. மொட்டை மாடியில் குருவிக்கு வைக்கும் சட்டியிலும் வேண்டாம்.

கேனைப் பொறுத்தவரை, உள்பக்கம் பச்சை படிந்த கேனைத் திருப்பி அனுப்புங்கள். வெயில் படும் திண்ணையில் கேனை வைக்காதீர்கள்.

மே 7

கத்திரி. நாய் குடிக்கும் அளவு இரட்டிப்பாகலாம். ஒரு கிண்ணம் போதாது, வளவில் (முற்றத்தைச் சுற்றிய பகுதி) ஒன்று, பின்கட்டில் ஒன்று, மாடிப்படி அடியில் ஒன்று. முற்றத்து நிழல் மதியத்தில் நகர்ந்துவிடும், காலையில் நிழலில் வைத்த கிண்ணம் இரண்டு மணிக்குக் கொதிக்கும். பூனைக்குத் தட்டுக்குப் பக்கத்தில் தண்ணீர் வைத்தால் பலதும் தொடாது. மண்தட்டுக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள்.

நீராகாரம் கொடுக்கலாமா என்று தேவகோட்டை ஆச்சி ஒருவர் கேட்டார். கொடுக்கலாம் ஆச்சி, உப்புப் போடுவதற்கும் சின்ன வெங்காயம் நறுக்குவதற்கும் முன்னால் எடுத்த தெளிவு மட்டும். வெங்காயமும் பூண்டும் நாய், பூனையின் சிவப்பணுவை உடைக்கும். மோருக்கும் கறி வேக வைத்த தண்ணீருக்கும் இதே விதி. இளநீர் எப்போதாவது நாலு மடக்கு சரி, பொட்டாசியம் அதிகம் என்பதால் சிறுநீரகம் தளர்ந்த கிழ நாய்க்கு வேண்டாம். எதைக் கொடுத்தாலும் பக்கத்தில் வெறும் தண்ணீர் இருந்தே ஆக வேண்டும்.

மே 25

பாத்திரம். இந்த ஊரில் ஐயா காலத்துச் செம்புக் குடமும் பித்தளைச் சருவமும் இல்லாத வீடு குறைவு, அதில்தான் சிக்கல். ஆர்.ஓ. தண்ணீரும் மழைத்தண்ணீரும் உலோகத்தைக் கரைக்கும் சுபாவம் உள்ளவை. ராத்திரி முழுதும் செம்பில் கிடந்ததை நாய்க்கு நாள்தோறும் ஊற்றுவது நல்லதல்ல. லாப்ரடார், டாபர்மேன் போன்ற இனங்களுக்குக் கல்லீரலில் தாமிரம் தங்கி நோயாகும் போக்கு உண்டு. பழைய பித்தளையிலும் பற்ற வைத்த இடத்திலும் காரீயம் இருக்கலாம். அண்டா அழகுக்கு நிற்கட்டும்.

எவர்சில்வர் கிண்ணம்தான் முதல் தேர்வு. கனமான பீங்கானும் சரி, மெருகு விரிசல் விட்டிருக்கக் கூடாது. பிளாஸ்டிக்கில் கீறல் விழும், கீறலில் அழுக்கு ஏறும், பூனைக்குத் தாடையில் கறுப்புக் கறுப்பாகப் பரு வருவதற்கு இது ஒரு காரணம். மண்சட்டி தண்ணீரைக் குளிர வைக்கும், கத்திரிக்கு அதை மிஞ்ச ஒன்றில்லை. ஆனால் நுண்துளைக்குள் சோப்பு இறங்கிவிடும் என்பதால் தேங்காய் நாரும் வெந்நீரும் போட்டுத் தேய்த்து வெயிலில் காய வைக்க வேண்டும். இரண்டு சட்டி வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

விரலால் தடவினால் வழவழக்கிறதா? அது கிருமிகள் கட்டிய படலம். மேலே புதுத் தண்ணீரை ஊற்றி நிரப்பினால் போகாது, தினம் ஒருமுறை தேய்த்தால்தான் போகும்.

ஜூன் 15

லவ் பேர்ட்ஸுக்கு ஒரு நாளைக்குச் சில மி.லி. போதும். கிண்ணத்தைக் குச்சிக்கு நேர் கீழே வைத்தால் எச்சம் விழும். காலையும் மாலையும் மாற்றுங்கள். மீன் தொட்டி வேறு கதை. அதற்குக் குளோரின் போக்கிய குழாய்த் தண்ணீர்தான். வெறும் ஆர்.ஓ. ஊற்றினால் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) நிலைத்து நிற்காது, மீன் தாங்காது.

ஜூலை 20

செம்புராங்கல் பூமியில் தோண்டிய போரில் இரும்பு வரும். எடுத்தவுடன் தெளிவாக இருந்து அரை மணியில் மஞ்சளிக்கும், பூனை முகர்ந்துவிட்டுப் போய்விடும். பெரும்பாலும் விஷம் இல்லை, ருசிதான் கெடுதல். ஒரு வாளியிலிருந்து இன்னொன்றுக்குப் பத்துப் பதினைந்து தடவை உயரத்திலிருந்து ஆற்றி, ராத்திரி தெளிய விட்டு, மேல்தண்ணீரை மட்டும் பருத்தித் துணியில் வடிகட்டினால் பெரும்பகுதி அடியில் தங்கிவிடும். வாளியின் அடியில் காவிச்சேறு நிற்பதே அதற்குச் சாட்சி.

செப்டம்பர் 7

நடைக்குப் போகும் நாயை ஊருணியில் குடிக்க விடாதீர்கள். வற்றிய ஊருணியில் பச்சைப் பெயிண்டைக் கொட்டியதுபோல ஆடை மிதந்தால் அது நீலப்பச்சைப் பாசி. சில வகை ஈரலைத் தாக்கும், சில நரம்பைத் தாக்கும். குடித்த நாய் சில மணி நேரத்தில் சாகலாம், மாற்று மருந்து கிடையாது. காய்ச்சினாலும் அந்த நஞ்சு போகாது. தப்பித் தவறி இறங்கிவிட்டால், மேலைக் கழுவும்வரை முடியை நக்க விடக் கூடாது.

கலங்கல் தண்ணீரைத் தெளிய வைக்கத் தேத்தாங்கொட்டை தேடுபவர்களுக்கு ஒன்று. எட்டியும் தேற்றாவும் ஒரே குடும்பம். தேத்தாங்கொட்டை சிறியது, உருண்டு திரண்டது. எட்டிக்கொட்டை தட்டையாக, பட்டுமயிர் படிந்த பொத்தான்போல இருக்கும், அதில் இருப்பது நாயைக் கொல்லும் நஞ்சு. கொட்டையைப் பார்த்து வாங்குங்கள். தெளிந்த தண்ணீரில் கிருமி அப்படியேதான் இருக்கும், அதையும் காய்ச்ச வேண்டும்.

அக்டோபர் 26

மழை இறங்கினால் கிணற்றுக்குப் பிளீச்சிங் பவுடர். முதலில் கிணற்றில் எவ்வளவு தண்ணீர் என்று கணக்கிட வேண்டும்: விட்டம் × விட்டம் × தண்ணீர் ஆழம் × 3.14 ÷ 4, எல்லாம் மீட்டரில். 2 மீட்டர் விட்டம், 3 மீட்டர் ஆழம் என்றால் 9.42 கன மீட்டர், அதாவது 9,420 லிட்டர். 1000 லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் ஏறக்குறைய 24 கிராம். இது 33 சதவீதக் குளோரின் உள்ள புதுப் பவுடருக்கான அளவு. பிரித்துப் போட்டு மாதக்கணக்கான மூட்டையில் வீரியம் இறங்கியிருக்கும்.

பவுடரை வாளியில் கூழாகக் குழைத்து, முக்கால் வாளி தண்ணீர் விட்டுக் கலக்கிப் பத்து நிமிடம் விடுங்கள். தெளிவை மட்டும் இன்னொரு வாளிக்கு மாற்றி, கயிற்றில் கட்டிக் கிணற்றுத் தண்ணீருக்குள் இறக்கி மேலும் கீழும் ஆட்டுங்கள். அடியில் தங்கிய சுண்ணாம்பைக் கிணற்றில் கொட்டினால் கடினம் கூடும். குறைந்தது ஒரு மணி நேரம் இறைக்கக் கூடாது. ராத்திரி போட்டுக் காலையில் இறைப்பது வசதி. வாடைக்குப் பூனை முகம் திருப்பினால், அகன்ற பாத்திரத்தில் ஊற்றித் துணி மூடி ஒரு ராத்திரி வையுங்கள்.

தெருவில் தேங்கும் தண்ணீரில் எலி, பெருச்சாளி மூத்திரம் கலந்திருக்கும். எலிக்காய்ச்சல் நாய்க்கு வருவது பெரும்பாலும் அந்த வழியாகத்தான், நாயிடமிருந்து நமக்கும் வரும். காய்ச்சல், வாந்தி, கண் மஞ்சளித்தல் தெரிந்தால் தாமதிக்க வேண்டாம். வருடத் தடுப்பூசியில் இது சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுப் போடுங்கள்.

நவம்பர் 16

முற்றத்து மழைத்தண்ணீர். 1 சதுர மீட்டர் கூரையில் 1 மி.மீ. மழை 1 லிட்டர். முதல் 2 மி.மீ. கூரை ஓடுகளைக் கழுவும் தண்ணீர். தூம்புக்கு (கூரைத் தண்ணீர் இறங்கும் வழி) வரும் கூரை 40 சதுர மீட்டர் என்றால் முதல் 80 லிட்டரைக் கழித்துவிட்டுப் பிடியுங்கள். நாலைந்து நாள் வெயிலடித்துப் பெய்தால் மறுபடி கழிக்க வேண்டும். அண்டாவில் பிடித்தாலும் அன்றைக்கே எவர்சில்வர் பாத்திரத்துக்கு அல்லது உணவுத் தர டிரம்முக்கு மாற்றி, வெளிச்சம் புகாமல் மூடி, வாயில் வெள்ளை வேட்டி கட்டிவிடுங்கள். ஓட்டில் பூனை, புறா, காக்கை எல்லாம் புழங்குவதால், கொதி வந்தபின் ஒரு நிமிடமாவது கொதிக்க விட்டு ஆற்றித்தான் கிண்ணத்துக்கு.

டிசம்பர் 28

பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறவர்கள் அதற்கு முன்பே தூம்பிலிருந்து டிரம்மைப் பிரித்துவிடுங்கள். சுண்ணாம்பு கரைத்த வாளியின் பி.எச். 12-ஐத் தாண்டும். நக்கினால் நாக்கும் தொண்டையும் வெந்துபோகும். வேலை முடியும்வரை கிண்ணங்களைப் பின்கட்டுக்கு மாற்றுங்கள், வாளியைப் பலகை போட்டு மூடி மேலே ஒரு கல்லை வையுங்கள்.