மூன்று அம்மன் தரிசனமும் ஒரு எம்40ஐ வண்டியும்

பௌர்ணமி அன்று ஒரே நாளில் மூன்று அம்மன்களைத் தரிசிப்பது எங்கள் வடசென்னைப் பக்கத்துக் குடும்பங்களில் பழைய வழக்கம். காலையில் மீஞ்சூரை அடுத்த மேலூரில் திருவுடையம்மன், உச்சிவேளைக்குத் திருவொற்றியூர் வடிவுடையம்மன், மாலையில் வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன். வெள்ளிக்கிழமையில் வந்தால் இன்னும் விசேஷம். பஸ், ஷேர் ஆட்டோ என்று மாறி மாறிப் போய் வந்து பழகியவர் அத்தை. இந்த முறை அவரைக் கூட்டிப்போனது பிஎம்டபிள்யூ எக்ஸ்3 எம்40ஐ. அத்தை பையன் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. "உங்க ஏரியா மச்சான், லாரிக்கு நடுவுல எனக்கு கை நடுங்கும்" என்று சாவியை என்னிடமே கொடுத்துவிட்டான். எனக்கென்ன கசக்குமா?

முதலில் வண்டியைப் பற்றி. மூன்று லிட்டர் டர்போ பெட்ரோல், வரிசையாக நிற்கும் ஆறு சிலிண்டர், 360 குதிரைத்திறன், 500 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுவை. நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட 4.9 விநாடி. டொயோட்டாவின் ஸ்போர்ட்ஸ் கார் சுப்ராவில் இருப்பதும் இதே எஞ்சின் குடும்பம்தான்.

காசிமேட்டில் இந்த எண்களுக்கு ஒரு வேலையும் இல்லை. ஐஸ் தண்ணீர் வழிய ஒரு மீன்பாடி வண்டி முன்னால், கூடைக்காரம்மா இடதுபக்கம், எதிரே ராங் சைடில் ஒரு ஆட்டோ. கண்ணாடிகளை விட்டுவிட்டாலும் வண்டியின் அகலம் 1.89 மீட்டர். மேலிருந்து பார்ப்பதுபோலக் காட்டும் கேமரா இல்லாவிட்டால் இரண்டு கோடாவது விழுந்திருக்கும். இங்கேதான் கியர்பாக்ஸ் என்னை அசத்தியது. ஸ்போர்ட்டி வண்டிகளில் இருக்கும் இரட்டை கிளட்ச் பெட்டிகள் சில, ஊர்ந்து போகும்போது திக்கித் திக்கி இழுக்கும். இதில் இருப்பது, எண்ணெய் வழியாக இழுவையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வகை எட்டு கியர் ஆட்டோமேட்டிக். நடை வேகத்தில்கூட ஒரு குலுங்கல் இல்லை.

மீன்பாடி வண்டிக்காரர் கண்ணாடி அருகே குனிந்தார்.

"இன்னாண்ணா, லிட்டருக்கு எவ்ளோ குடுக்குது?"

மீட்டரைப் பார்த்துவிட்டு அத்தை பையன் உண்மையைச் சொன்னான். "ஆறு."

"அட போண்ணா, என் வண்டியே தேவலாம்."

எண்ணூர் விரைவுச் சாலை வந்தால் ஒரு பக்கம் கல் கொட்டிய கரையில் அலை மோதும், மறுபக்கம் துறைமுகத்துக்குக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள். விரைவு என்பது பெயரில் மட்டும். ஆனால் லாரிகளைத் தாண்ட ஐம்பது மீட்டர் இடைவெளி கிடைத்தால் போதும். கால் லேசாக அழுத்தினாலே, எஞ்சின் இரண்டாயிரம் சுற்றை எட்டும் முன்பே முழு இழுவையும் வந்துவிடுகிறது. பாதியில் மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் இல்லாமல் ஓவர்டேக் பண்ண முடிகிறது. என்னைக் கேட்டால் 4.9 விநாடியைவிட இதற்குத்தான் காசு.

எர்ணாவூர் தாண்டி மணலிப் பக்கம் திரும்பியதும் கதை மாறியது. டேங்கர்களும் டிரெய்லர்களும் உழுது போட்ட சாலை. ஒட்டுப்போட்ட தார் மேல் இன்னொரு ஒட்டு, நடுவில் விளிம்பு தூக்கி நிற்கும் சாக்கடை மூடி. கம்ஃபர்ட் மோடில் வைத்தும் பெரிய பள்ளங்களை விழுங்கிய வண்டி, சின்னச் சின்ன வெடிப்புகளை எல்லாம் அப்படியே முதுகுக்கு அனுப்பியது. பெரிய சக்கரம், பக்கச்சுவர் குறைந்த டயர், இறுக்கமான சஸ்பென்ஷன். ஓட்டுகிற எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. பின் சீட்டில் இருந்த அத்தைக்குத் தெரிந்தது.

"டேய், இவ்ளோ காசு குடுத்தும் குலுக்குதே. நம்ம பழைய இன்னோவாவுல தூங்கிட்டே வருவேன்."

அவன் பதில் பேசவில்லை.

மேலூரில் நல்ல தரிசனம். கோயிலுக்கு வெளியே வந்து பார்த்தால், கழுவிக் கொண்டுவந்த கறுப்பு வண்டியின் பானட்டில் மெல்லிய சாம்பல் படலம். விரலால் கோலமே போடலாம். அனல்மின் நிலையம் பக்கத்தில் இருக்கிற ஊரில் வேறென்ன எதிர்பார்ப்பது? திருவொற்றியூரில் கூட்டம் அலைமோதியது, வண்டியை நிறுத்த இடம் தேடியே நேரம் போனது. அதை விடுங்கள்.

அங்கிருந்து மாதவரம் வழியாகப் போனால் திருமுல்லைவாயில் பக்கம்தான். சுற்று என்று தெரிந்தே மறுபடியும் மீஞ்சூர் போய் வெளிவட்டச் சாலையைப் பிடித்தோம். வண்டலூர் வரை 62 கிலோமீட்டர் போகிற ஆறு வழிச் சாலை. மதிய நேரத்தில் காலியாகக் கிடந்தது. சுங்கச்சாவடியைத் தாண்டி ஸ்போர்ட் மோடுக்கு மாற்றி ஒரு மிதி. ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் இருப்பதால் அதிர்வுகள் ஒன்றை ஒன்று அடித்துவிடும் என்று படித்திருக்கிறேன். அன்றைக்குக் கையில் உணர்ந்தேன். ஸ்டியரிங்கில் சின்ன நடுக்கம்கூட இல்லாமல் வேகம் ஏறி, வேக வரம்பு வந்து கால் எடுக்க வேண்டியதாயிற்று. அத்தை "முருகா" என்றார்.

இப்போது காசு. 2023-இல் இந்த வண்டி வந்தபோது எக்ஸ்-ஷோரூம் 86.50 லட்சம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்குச் சாலை வரி 20 சதவீதம். அந்தக் கணக்கில் வரியே 17.30 லட்சம், ஒரு நல்ல க்ரெட்டா வந்துவிடும். இன்ஷூரன்ஸும் சேர்ந்தால் ஒரு கோடி தாண்டுகிறது. அந்தத் தலைமுறையின் சாதாரண எக்ஸ்3-ஐ இங்கேயே, செங்கல்பட்டுப் பக்கம் மகேந்திரா சிட்டியில் பாகங்களைப் பூட்டித் தயாரித்தார்கள். எம்40ஐ மட்டும் முழு வண்டியாக இறக்குமதி. 190 குதிரைத்திறன் டீசலுக்கும் இதற்கும் பதினைந்து லட்சத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தது. டீசலிலும் 400 நியூட்டன் மீட்டர் இருக்கிறது. எண்ணூர் சாலையில் லாரி தாண்ட அதுவே தாராளம். புதுசாக வாங்குவதென்றால் நான் டீசல் பக்கம்தான் போயிருப்பேன். புது வண்டி விலை இறங்கும் நஷ்டத்தை முதல் ஆள் தாங்கிய பிறகு வாங்கியதால் அத்தை பையன் கணக்கு வேறு, அவனைக் குறை சொல்ல மாட்டேன்.

இந்த மாதிரி வண்டி பார்க்கிறவர்களுக்கு ஒன்று. ஷோரூம்காரர் கூட்டிப்போகும் வழவழப்பான சாலையோடு டெஸ்ட் டிரைவை முடித்துக்கொள்ளாதீர்கள். மணலிச் சாலைக்கு ஒரு தடவை கொண்டுபோங்கள், பின் சீட்டில் வீட்டுப் பெரியவர் ஒருவரை உட்காரவைத்து.