டி-மேக்ஸ் நெகட்டிவில் இளஞ்சிவப்பு ஏன் தங்குகிறது?

கோடக்கின் டி-மேக்ஸ் என்ற கருப்பு-வெள்ளை பிலிமைக் கழுவிக் காயப்போட்ட பிறகும் இளஞ்சிவப்புச் சாயல் தெரிந்தால், பலரும் முதலில் படத்தை வெளிக்கொணரும் கரைசலான டெவலப்பரைத்தான் சந்தேகிப்பார்கள். அதன்மேல் தவறில்லை. படிகத்தின் வடிவத்தையும், மிஞ்சிய வெள்ளி ஹாலைடைக் கரைத்தெடுக்கும் ஃபிக்சரையும்தான் பார்க்க வேண்டும்.

ட்ரை-எக்ஸ் போன்ற மரபான பிலிம்களில் ஒளியை உணரும் வெள்ளி ஹாலைடு படிகங்கள் கூழாங்கல் போலப் பருமனானவை. டி-மேக்ஸில் அவை மெல்லிய தட்டுகள். இரண்டிலும் பெரும்பகுதி வெள்ளி புரோமைடு, கொஞ்சம் அயோடைடு. வெள்ளி புரோமைடு தன்னளவில் புற ஊதாவையும் நீலத்தையுமே உணரும். பச்சையும் சிவப்பும் பதிய, படிகத்தின் மேற்பரப்பில் சாயம் ஒட்ட வேண்டும். படிகம் தட்டையானால் அதே வெள்ளிக்கு மேற்பரப்பு கூடுகிறது. சாயம் அதிகம் ஏறுகிறது, ஒளியும் அதிகம் பிடிபடுகிறது. நுண்ணிய கிரெயினோடு (படத்தில் தெரியும் மணிமணியான தோற்றம்) வேகமும் (ஒளியுணர்திறன்) கிடைப்பது இதனால்தான். அந்தக் கூடுதல் சாயமும் பிறகு வெளியேற வேண்டுமே!

அயோடைடு இன்னொரு தொல்லை. வெள்ளி அயோடைடு, ஃபிக்சரில் உள்ள தயோசல்ஃபேட்டில் எளிதில் கரையாது. கரைந்து வரும் அயோடைடு ஃபிக்சரில் சேரச் சேர, அடுத்தடுத்த ரோல்கள் மெதுவாகவே தெளியும், அதாவது பால்நிறம் போக அதிக நேரமாகும். சாதா ஹைப்போவை (சோடியம் தயோசல்ஃபேட்) விட்டுவிட்டு அம்மோனியம் தயோசல்ஃபேட் உள்ள ரேபிட் ஃபிக்சரையே எடுங்கள்.

பாட்டிலில் அச்சடித்த நேரத்தை நம்பாமல், ஒவ்வொரு முறையும் சோதித்துவிடுவது நல்லது. அதே பிலிமின் முனைத் துண்டில், வெளிச்சத்திலேயே, ஒரு சொட்டு ஃபிக்சரை வையுங்கள். 30 வினாடி கழித்து முழுத் துண்டையும் ஃபிக்சரில் போட்டு அசைத்துக்கொண்டே நேரம் பாருங்கள். சொட்டு விழுந்த இடம் சுற்றுப்புறத்தோடு கலந்து தெரியாமல் போகும் நேரமே தெளியும் நேரம். மரபான பிலிமுக்கு அதைப்போல இரண்டு மடங்கு, தட்டைப் படிகப் பிலிமுக்கு மூன்று மடங்கு ஃபிக்ஸ் செய்யுங்கள். புது ஃபிக்சரில் கிடைத்த தெளியும் நேரத்தைப் பாட்டிலிலேயே எழுதி வையுங்கள்; அது இரட்டிப்பானால் ஃபிக்சரின் ஆயுள் முடிந்தது. வெவ்வேறு பிலிம்களின் நேரங்களை ஒப்பிட வேண்டாம், அர்த்தமில்லை.

நெகட்டிவ் பால்போல மங்கலாக இருந்தால் ஹாலைடு மிச்சம் என்று அர்த்தம். புது ஃபிக்சரில் மறுபடி போட்டால் சரியாகும். விட்டுவைத்தால் நாளடைவில் கறை படியும். தெளிவாக இருந்து நிறம் மட்டும் நின்றால் அது சாயம்தான்: 2% சோடியம் சல்ஃபைட் கரைசலில் 2 நிமிடம், பிறகு ஓடும் தண்ணீரில் 10 நிமிடம். லேசாக மிஞ்சினாலும் நெகட்டிவ் கெடாது. ஆனால் ஒளியின் நிறத்துக்கேற்பக் கான்ட்ராஸ்ட் மாறும் மாறு-கான்ட்ராஸ்ட் தாளில் அச்சிடும்போது அது மெஜந்தா ஃபில்டர் போல நடந்துகொண்டு கான்ட்ராஸ்ட்டைச் சற்றே ஏற்றும்.