போர்த்தோவில் மூன்று நாள்கள்

பள்ளி விடுமுறையில் குடும்பத்துடன் போர்த்துகலின் போர்த்தோ நகருக்குச் சென்று வந்தோம். சாவ் பெந்தோ ரயில் நிலையக் கூடத்தில், ஜோர்ஜ் கொலாசு தீட்டிய ஏறத்தாழ 20,000 நீல வெள்ளை ஓடுகளின் முன் நின்றபோது பேச்சே எழவில்லை. 1886இல் திறக்கப்பட்ட தோம் லூயிஸ் பாலத்தின் மேல்தளத்தில் மெட்ரோ ரயில் எங்களை ஒட்டியே மெல்லக் கடந்துசெல்ல, கீழே தோரோ ஆறு அட்லாண்டிக் கடலை நோக்கி ஓடுவதை, அம்மா கைப்பிடிக் கம்பியை இறுகப் பற்றியபடி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மாலை வெயிலில் ரிபெய்ரா கரையின் வீடுகள் அவ்வளவு அழகு!

விடுதிக்கார அம்மையார் திறவுகோலை நீட்டி ‘ஷாவ்’ என்றார். நமது ‘சாவி’ போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்த சொல்தான் என்று மகளிடம் சொன்னேன். ஜன்னல், மேசை, அலமாரி என அத்தகைய சொற்களை அன்றிரவே அறை முழுவதும் தொட்டுத் தொட்டு எண்ணத் தொடங்கிவிட்டாள்.