படகுக்குக் கிடைக்கிறது, பெட்ரோலுக்குத்தான் கிடைப்பதில்லை

கினபத்தாங்கான் ஆற்றங்கரைக் காட்டுக்கு ஒரு ரோந்துப் படகு வாங்கித் தர, தெரிந்தவர்களிடமெல்லாம் பணம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். படகு என்றதும் மனிதர்களின் முகம் மலர்ந்துவிடுகிறது. பக்கவாட்டில் பேரனின் பெயர் எழுதலாமா, தண்ணீரில் இறக்கும்போது படம் அனுப்புவார்களா என்று விசாரிக்கிறார்கள். பெட்ரோலுக்கும் பணம் வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள், பேச்சு சட்டென்று மழை வெயிலுக்குத் தாவிவிடும்.

இந்த ஆறு போர்னியோவில், மலேசியாவின் சபா மாநிலத்தில் ஓடுகிறது. நீளம் 560 கிலோமீட்டர். அதன் கீழ்ப்பகுதியில் சுமார் 26,000 ஹெக்டேர் காட்டை 2005இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்தார்கள். சரணாலயம் என்றால் அடர்ந்து படர்ந்த ஒரே காடு என்று நினைத்துவிட வேண்டாம். வரைபடத்தில் அது பத்துத் துண்டுகள். இடையிடையே செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டங்களும் கிராமங்களும். யானைகளும் ஒராங்குட்டான்களும் நீள்மூக்குக் குரங்குகளும் இந்தத் துண்டுகளில்தான் காலம் தள்ளுகின்றன. துண்டுகளைக் கோத்து வைத்திருப்பது ஆறுதான். கண்ணி வைக்க வருகிறவனுக்கு அது வசதியான வழி. அவனைத் தேடிப் போகிறவருக்கும் வேறு நல்ல வழியில்லை. ஆகவே படகு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஆனால் படகு தானாக ஓடாது. படகின் பின்புறம் வெளியே மாட்டும் பெட்ரோல் எஞ்சினுக்கு, அதாவது அவுட்போர்டு எஞ்சினுக்கு, படகுக்காரர்கள் ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள்: முழு வேகத்தில் பத்துக் குதிரைத்திறனுக்கு மணிக்கு ஓர் அமெரிக்க கேலன். நாற்பது குதிரைத்திறன் எஞ்சின் என்றால் மணிக்குச் சுமார் 15 லிட்டர். இரவு முழுவதும் யாரும் முழு வேகத்தில் போவதில்லை, உண்மைதான். எஞ்சினை அணைத்துவிட்டு நீரோட்டத்தோடு மிதந்தபடி காதைத் தீட்டிக்கொண்டிருப்பதும் ரோந்துதான். இருந்தாலும் திரும்பும்போது அதே நீரோட்டத்தை எதிர்த்து வந்தாக வேண்டுமே.

அப்புறம் பராமரிப்பு. புது எஞ்சினுக்கு முதல் 20 மணி நேரத்தில் ஒரு சர்வீஸ், பிறகு 100 மணி நேரத்துக்கு ஒன்று. எஞ்சினைக் குளிர்விக்க ஆற்று நீரை உறிஞ்சும் பம்பில் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு ரப்பர்ச் சக்கரம் இருக்கிறது, இம்பெல்லர் என்பார்கள். வண்டல் கலந்த தண்ணீர் அதன் இதழ்களைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். எஞ்சினின் பின்புறம் பீறிட்டு விழும் மெல்லிய நீர்த்தாரை வலுவிழந்தால் இதழ் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்க்காமல் விட்டால் எஞ்சின் சூடேறி நின்றுவிடும். அந்தச் சின்னச் சக்கரத்துக்கு நன்கொடை கொடுத்துப் பெயர் பொறிக்கச் சொன்னவர் யாரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை.

ஆளுக்குப் பஞ்சமா என்றால், ஊர்க்காரர்களையே கௌரவ வனவிலங்குக் காவலர்களாக நியமிக்க சபாவின் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடமிருக்கிறது. எந்த வளைவில் மரக்கட்டை மூழ்கிக் கிடக்கிறது, எங்கே புரொப்பல்லர் அடிபடும் என்பதை வெளியாள் அவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அவர்கள் ஆற்றில் இருக்கும் நேரத்துக்குத்தான் யாராவது பணம் கட்ட வேண்டும்.

இதை ஒரு பெரியவரிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “படகு காலத்துக்கும் இருக்கும் தம்பி, பெட்ரோல் எரிந்து போய்விடுமே” என்றார்.

“எரிந்தால்தான் ஐயா ரோந்து” என்றேன். சிரித்தார். பணமும் கொடுத்தார், படகுக்கு!

அதனால் இனி கேட்கும் விதத்தை மாற்றப் போகிறேன். படகு முழுதாக வேண்டாம். ஓர் இரவுக்கான செலவைக் கொடுங்கள். எரிபொருள், சாப்பாடு, காவலர்களின் படி, சர்வீஸில் ஒரு பங்கு எல்லாம் அதில் அடங்கும். படகுக்குச் சேர்ந்திருக்கும் தொகையைத் தொடமாட்டேன், அது படகுக்கே போகும். ஆனால் முதல் வருடத்து இரவுகளுக்கு வழி தெரியும்வரை படகுக்கு ஆர்டர் கொடுக்க வேண்டாம் என்று அங்குள்ளவர்களிடம் சொல்லியிருக்கிறேன். படம் கேட்பவர்களுக்கும் படம் உண்டு: எஞ்சின் ஓடிய மணிக்கணக்கைக் காவலர்கள் குறித்துவைக்கும் நோட்டின் பக்கத்தை மாதாமாதம் எடுத்து அனுப்புவேன்.