ஒன்பதாம் நம்பர் எரர்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு உற்பத்திக் கணக்கு புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். ஆளுக்கொரு புது பாஸ்வேர்டு வைத்தால் மறந்துவிட்டு தினமும் எனக்குத்தான் போன் வரும் என்று, கம்ப்யூட்டரின் லாகின் பாஸ்வேர்டையே பாம் நூலகம் வழியாகச் சரிபார்க்கிற மாதிரி ரஸ்ட் என்ற புரோகிராமிங் மொழியில் செய்தேன். (பாம் என்றதும் பதற வேண்டாம், ப்ளக்கபிள் ஆத்தென்டிகேஷன் மாட்யூல்ஸ், உள்ளே வருகிறவர் யார் என்று சரிபார்க்க ஏற்கெனவே எழுதி வைத்த கோடு.) அழகெல்லாம் கிடையாது, டெர்மினலில் ஓடும். கம்பெனியில் எல்லாமே உபுண்டு, அதாவது லினக்ஸ், ஒரு தொந்தரவும் இல்லை.

அப்புறம் முதலாளியின் மகன் ஆபீசுக்கு ஒரு மேக் வாங்கி வைத்தார். அதற்கும் பில்ட் போட பீளமேட்டில் நண்பனின் மேக் மினி முன்னால் போய் உட்கார்ந்தேன். எடுத்ததுமே, நூலகங்களைப் புரோகிராமோடு சேர்க்கும் லிங்கர் நின்றுவிட்டது, பாம்_மிஸ்க் நூலகம் கிடைக்கவில்லையாம். பாஸ்வேர்டு கேட்கும் மிஸ்க்_கான்வ் ஃபங்ஷன் அதற்குள்தான் இருக்கிறது, ஆனால் அது லினக்ஸில் இருக்கும் பாமான லினக்ஸ்-பாமின் சரக்கு. மேக்கிலும் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்திலும் இருப்பது ஓப்பன்பாம் என்ற வேறொரு பாம். சரி என்று அந்த ஃபங்ஷனை நானே எழுதினேன். பதிலை வைக்கும் மெமரியை மட்டும் சி மொழியின் மேலாக் ஃபங்ஷனில்தான் எடுக்க வேண்டும், அதை விடுவிப்பது நூலகம். எந்த மாட்யூல் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லும் பாம்.டி ஃபைலையும் மேக்குக்குத் தனியாக எழுதினேன், லினக்ஸில் இருக்கும் பாம்_யூனிக்ஸ் மாட்யூல் அங்கே கிடையாது, பாம்_ஓப்பன்டைரக்டரிதான். பில்ட் ஆனது, லாகின் ஆனது, கிளம்பிவிட்டேன்.

நாலு நாள் கழித்து மேனேஜர் போன். “ஏனுங் தம்பி, யூசர் விவரத்த எடுக்க முடியலைன்னு வருதுங்க. நெட்டுதான் போயிருச்சாட்ட இருக்குது, ரவுட்டர ரெண்டு தடவ அமத்திப் போட்டுட்டனுங்க.”

நேரில் போய்ப் பார்த்தால் கேப்ஸ் லாக் எரிகிறது. பாஸ்வேர்டு தப்பு, அவ்வளவுதான். அதை ஏன் என் புரோகிராம் இப்படிச் சொல்கிறது என்று பார்த்தபோதுதான் தலையில் அடித்துக்கொண்டேன். எரர் நம்பர்களை லினக்ஸ் ஹெடரிலிருந்து, அதாவது அந்த நம்பர்களின் பட்டியல் இருக்கும் ஃபைலிலிருந்து, கையால் பார்த்து எழுதியிருந்தேன். பாஸ்வேர்டு தப்பு என்பதற்கு லினக்ஸ்-பாமில் 7, ஓப்பன்பாமில் 9. அந்த 9 லினக்ஸில் யூசர் விவரம் கிடைக்கவில்லை என்று அர்த்தம். 13 இன்னும் மோசம், ஓப்பன்பாமில் அப்படி ஒரு யூசரே இல்லை, லினக்ஸில் கணக்கு காலாவதி. இரண்டுமே வெறும் முழு எண்தான் என்பதால் கம்பைலர் வாயே திறக்கவில்லை. பாம்_மிஸ்க் ஆவது கத்திச் சொன்னது, அது எவ்வளவோ தேவலை.

ஹெடரைப் படித்து ரஸ்ட் கோடாக மாற்றித் தரும் பைண்ட்ஜென்னை இரண்டு ஹெடருக்கும் ஓட்டி, வந்த இரண்டு ஃபைலையும் கோடு இருக்கும் ரெப்போவிலேயே வைத்துவிட்டு, எது வேண்டும் என்பதை பில்டின்போது முதலில் ஓடும் பில்ட்.ஆர்எஸ் ஸ்கிரிப்ட் முடிவு செய்யட்டும் என்று விட்டேன். ஒவ்வொரு பில்டிலும் பைண்ட்ஜென் ஓட்டலாம்தான், அதற்கு எல்லா மெஷினிலும் லிப்கிளாங் என்ற இன்னொரு நூலகம் வேண்டும், எனக்குப் பொறுமை இல்லை.

இதிலும் ஒரு சறுக்கல். பேக்கிங் பக்கம் வைக்க, லினக்ஸில் ஓடும் குட்டிக் கம்ப்யூட்டரான ஒரு ராஸ்பெர்ரி பைக்கு அதே மேக் மினியில் உட்கார்ந்தே பில்ட் (இதுதான் கிராஸ் பில்ட்) போட்டேன், ராஸ்பெர்ரி பையில் ஓப்பன்பாம் நம்பர்கள் போய் உட்கார்ந்துகொண்டன. பில்ட்.ஆர்எஸ்ஸுக்குள் சிஎஃப்ஜி மேக்ரோவில் டார்கெட்_ஓஎஸ், அதாவது எந்த இயங்குதளம் என்று கேட்டால், அது பில்ட் ஸ்கிரிப்ட் ஓடுகிற மெஷினைத்தான் சொல்லும், நாம் யாருக்காகச் செய்கிறோமோ அந்த மெஷினை அல்ல. கார்கோ_சிஎஃப்ஜி_டார்கெட்_ஓஎஸ் என்ற சூழல் மாறியைப் படிக்க வேண்டும். ஒரே ஒரு வரி மாற்றம், அதற்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது.

இப்போது செய்தியையும் நான் எழுதுவதில்லை. எரர் நம்பருக்கு விளக்கம் தரும் பாம்_ஸ்ட்ரெர்ரர் என்ன தருகிறதோ அதையே திரையில் போட்டு, பக்கத்தில் நம்பரையும் காட்டுகிறேன். மேனேஜர் போன் செய்தால் முதலில் நம்பரைத்தான் சொல்கிறார், “ஒம்போதுங்க தம்பி” என்று. கேப்ஸ் லாக்கைப் பாருங்கண்ணா என்கிறேன்.