அப்பாவின் கேமராவுக்கு இருமல்

அப்பா சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த கேனான் ஏஇ-1. 1976-இல் வெளிவந்த மாடல். பட்டனை அமுக்கினால் 'க்ளிக்' வரவேண்டிய இடத்தில் பூனைக்குட்டி கத்துவது போல ஒரு கீச். இந்த மாடலுக்கே உள்ள வியாதிதான். படம் எடுக்கும்போது உள்ளே மேலெழும் கண்ணாடியின் வேகத்தைத் தணிக்கும் பல்சக்கரங்களில் எண்ணெய் வற்றிப்போகிறது.

முதல் கடையில், "ரெண்டு சொட்டு எண்ணெய், பத்து நிமிஷம் சார்" என்றார்கள். மேசையில் கிடந்த கேமராக்களைப் பார்த்தேன். திருகுத் தலையெல்லாம் எலி கடித்த மாதிரி. பழைய ஜப்பான் கேமராக்களின் திருகுப் பள்ளம் கொஞ்சம் வேறு. சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் போட்டால் தேய்ந்துவிடும். அது தெரியாதவரிடம் எப்படிக் கொடுப்பது? மெல்ல நழுவி வந்துவிட்டேன்.

அப்புறம் ஒரு பெரியவர், வீட்டு மாடியில் வேலை பார்க்கிறார். விலை பேசுவதற்கு முன்பே பின்கதவைத் திறந்து ஓரத்துப் பஞ்சை விரலால் தடவினார். கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒட்டியது. "இது போச்சு தம்பி, வெளிச்சம் உள்ளே வரும்." லென்ஸை டார்ச்சில் பிடித்தார். நூல் நூலாகப் பூஞ்சை. "துடைச்சுப் பார்க்கிறேன். மேல்பூச்சைத் தின்னிருந்தா தடம் போகாது, இப்பவே சொல்லிடறேன்." ஷட்டர் 1/1000 நொடியில் ஒழுங்காக ஓடுகிறதா என்று கருவி வைத்து அளந்து, நோட்டில் எழுதிக்கொண்டார். முடியாததை முதலில் சொன்னாரே, அதற்கே கொடுத்துவிட்டேன்.

மூன்று வாரம் ஆகும், போன் பண்ணித் தொந்தரவு பண்ணக்கூடாது என்பது நிபந்தனை. இன்று நாலாவது நாள். ரெண்டு தடவை பண்ணிவிட்டேன்.